ஒயின் அறைச் சாமி

சாப்பாடு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு வராது. எங்கே நன்றாக இருந்தது, விழுங்கிய பிறகும் நின்றதா, நின்றால் எவ்வளவு நேரம் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். கேட்டவர் அதற்குள் வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். என் மருமகள் கேட்பதையே விட்டுவிட்டாள். இந்தக் கெட்ட பழக்கத்தை எனக்கு உண்டாக்கியவர் மைசூரில் அரண்மனையின் ஐரோப்பிய விருந்தினர் மாளிகையில் ஒயின் அறைக்கு அதிகாரியாக இருந்தார். மகாராஜா காலத்துப் பேச்சு இது. நாங்கள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.

மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். நெற்றி நிறையத் திருமண், தலையில் ஜரிகைத் தலைப்பாகை, கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. காபி குடிப்பதற்கே இரண்டு முறை யோசிப்பார். வெங்காயம் நுழையாத வீடு. அப்பேர்ப்பட்டவர் இடுப்பில்தான் பிரான்சிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்த புட்டிகள் அடுக்கிய அறையின் சாவி தொங்கியது. எந்த இறைச்சியோடு எந்த ஒயின் போக வேண்டும் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. குடிக்காதவர் கையில் இருந்தால் புட்டி குறையாது என்று யாரோ ஒரு மேலதிகாரி நினைத்திருக்க வேண்டும். அவர் நினைத்தது வீண்போகவில்லை. புட்டி குறையவே இல்லை.

நான் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளிக்காரன். எங்களுடையது காடு கழனி பார்க்கிற குடும்பம். மாளிகையின் உக்கிராணம் என் பொறுப்பில் இருந்தது. அரிசி, மாவு, வெண்ணெய், இறைச்சி எல்லாம் வாங்கி வைத்து அன்றாடம் சமையலுக்கு அளந்து கொடுக்கிற கிடங்கு அது. ஒயின் அறைக்கும் உக்கிராணத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

சாமி அந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு விருந்தில் செய்த காரியத்தை மாளிகையில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பந்தி என்றால் இலையின் ஓரத்தில் முதலில் ஒரு துளி பாயசம் விழும். இனிப்பில் தொடங்குவதுதான் மங்களம். சாமியும் அப்படியே நினைத்துக்கொண்டு, கடைசியில் கொடுக்க வேண்டிய போர்ட் ஒயினை, அதாவது போர்ச்சுகல்காரர்களின் அந்த இனிப்புச் சிவப்பு ஒயினை, சூப்போடு முதலிலேயே ஊற்றச் சொல்லிவிட்டார். துரைமார்கள் சந்தோஷமாகக் குடித்தார்கள். இறைச்சி வருவதற்குள் இரண்டு பேர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள். வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டு வேலையை மாற்றிக் கேட்டிருப்பார். சாமி மறுநாள் காலை என்னைத் தேடி உக்கிராணத்துக்கு வந்தார்.

"கவுண்டரே, நீர் குடிப்பீரா?"

எப்போதாவது என்றேன். ஆட்டுக்கறி சாப்பிடுவீரா என்றார். கிடைத்தால் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பெண் பார்த்து முடித்தவர் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒயின் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு முக்காலி இருந்தது. அதில் உட்காரச் சொன்னார். ஒரு கண்ணாடிக் கோப்பையில் அந்த போர்ட் ஒயினை ஒரு வாய் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்குதுங்க சாமி."

"அதையேதான் எல்லாரும் சொல்றா. ஜோருன்னா என்ன ஓய்? எங்க பிடிக்கறது? நுனியிலயா, ஓரத்துலயா, தொண்டையிலயா?"

இன்னொரு வாய் குடித்துவிட்டு யோசித்தேன். கருப்பட்டி காய்ச்சிய சட்டியின் அடியை விரலால் வழித்து நக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என்றேன். அடிப்பிடித்த சட்டியா, பிடிக்காததா என்றார். லேசாகப் பிடித்தது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அடிப்பிடித்த கருப்பட்டி அவருக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் எதை வைத்தால் எடுபடும், எதை வைத்தால் கெடும் என்பதும் தெரியும். அன்றிலிருந்து போர்ட் ஒயின் கடைசியில், கொட்டைப் பருப்போடும் பாலாடைக்கட்டியோடும் போயிற்று. ஒருவரும் தூங்கவில்லை.

அப்படித்தான் நான் சாமியின் நாக்காக ஆனேன். புதுப் புட்டி வந்தால் எனக்கு முக்காலி. அவர் கோப்பையை மூக்கருகே பிடித்து வெகுநேரம் முகர்வார். அதற்கு மேல் அவருக்கு உரிமையில்லை என்பது போல என்னிடம் நீட்டுவார். நான் குடிப்பேன். அவர் கேட்பார். சில நாள் அவர் கேட்கிற கேள்விக்குப் பயந்தே உக்கிராணத்தில் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். ஒருமுறை நெல்லிக்காய் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். காட்டு நெல்லியா, தோட்டத்து நெல்லியா, கடித்த உடனேயா, தண்ணீர் குடித்த பிறகா என்று அரைமணி நேரம் போயிற்று. நான் சொன்னது எதையும் அவர் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. எல்லாம் தலைப்பாகைக்குள்ளேயே இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கொல்லைப்புற வழியாகத்தான் நுழைவார். கிணற்றடியில் தலைக்குக் குளித்து, கோட்டை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் மனைவி ஏற்படுத்திய சட்டம் அது. குளிக்கும் முன் ஒரு வார்த்தை பேசக்கூடாது, குளித்த பிறகு ஆபீஸ் பேச்சு எடுக்கக்கூடாது. ஆனால் பழக்கம் விடுமா. ஒருநாள், ரசத்துக்கு அவர்கள் சொல்கிற பெயரில், சாத்தமுது சாதம் சாப்பிட்டுக்கொண்டே, புளிப்பு முதலில் தெரிகிறதா மிளகு முதலில் தெரிகிறதா என்று அந்த அம்மாளைக் கேட்டிருக்கிறார். பெருமாளுக்குப் படைத்ததை ஒயின் மாதிரி விசாரிக்கிறீர்களே என்று அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். "நியாயமான கோபம்தான். ஆனா மிளகுதான் முதல்ல தெரியறது" என்றார்.

என் வீட்டுச் சமையலையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் மனைவி வெள்ளாட்டுக் கறியை வறுக்கிற விதத்தை அடுப்பு மூட்டுவதிலிருந்து கேட்பார். எந்த இடத்துக் கறி, கொழுப்பை வெட்டி எறிவாளா, சட்டியிலேயே உருக விடுவாளா, பூண்டை நசுக்கிப் போடுவாளா முழுதாகவா, மிளகு எப்போது. மாமிசத்தின் வாசனை எதிர்க்காற்றில் வந்தால் மூக்கை மூடிக்கொண்டு போகிற மனிதர் இதைக் கதை கேட்கிற மாதிரி கேட்பார். இதைப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சாமிக்கு எதைக் கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் ஒரு பூசணிக்காயைக் கொடுத்தனுப்பினாள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாளிகைக்கு மேற்பார்வையாளராகப் புதுத் துரை வந்தார். கெட்டவர் இல்லை. எதையும் நேராகச் செய்ய வேண்டும் என்கிறவர். ஒயின் அறை அதிகாரி ஒயின் குடிக்க மாட்டார் என்று கேள்விப்பட்டதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இது நடக்காது என்றார். ஊட்டியில் ஓட்டல் நடத்திப் பழகிய ஆள் ஒருவரை அவருக்குத் தெரியும். சாமியை அரண்மனை லாயத்துக்கு மாற்றிவிடலாம், குதிரைகளுக்குக் கொள்ளு அளக்க நம்பிக்கையான ஆள் தேவைப்படுகிறது என்றார்.

அந்தச் சமயத்தில் கோவாவிலிருந்து ஒரு விருந்தாளி வருவதாக இருந்தது. வயதான போர்ச்சுகீசியர். அங்கே நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரைவிட்டு வந்து ஆயுசில் பாதி போய்விட்டது. தன் அண்ணன் தோட்டத்துச் சிவப்பு ஒயினை அரண்மனைக்கு அன்பளிப்பாக ஒரு பெட்டி முன்கூட்டியே ரயிலில் அனுப்பியிருந்தார். போர்ச்சுகலில் டாவ் என்கிற மலை நாட்டில், கருங்கல் பாறை நிலத்தில் விளைந்த திராட்சை. போர்ட் மாதிரி இனிப்பு இல்லை, சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தில் அதைத்தான் ஊற்ற வேண்டும், அதற்கேற்ற சாப்பாட்டைச் சாமிதான் சொல்ல வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். விருந்தாளி தன் சொந்த ஊர் ஒயினைக் கோப்பையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால், திங்கட்கிழமை சாமி லாயத்தில் இருக்க வேண்டியது.

சாமி என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"லாயம் ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லே ஓய். ஆனா குதிரைகிட்ட என்னன்னு கேக்கறது? கொள்ளு எப்படி இருந்துதுன்னா பதில் சொல்லுமா?"

அவர் என்னை நம்பி வந்தார், நானோ அப்போது எதற்கும் உதவ மாட்டேன். ஏனென்றால் அந்த வாரம்தான் நான் மாதேஸ்வரன் மலைக்குப் போய் மழையில் நனைந்து வந்திருந்தேன். மூக்கு இரண்டும் அடைத்து, காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியாத நிலை. முக்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு ஒயினை ஒரு வாய்க்கு மூன்று வாயாகக் குடித்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பச்சைப் பாக்கைக் கடித்தால் கன்னம் இரண்டும் உள்ளே இழுக்குமே, அந்த இழுப்பு. அதைச் சொன்னேன். சாமி கோப்பையை எடுத்து முகர்ந்தார். நாவல் பழம், மிளகு, வெயிலில் கிடந்த கருங்கல்லில் மழை விழுந்தால் வருகிற வாசனை என்றார். மூக்கு சொல்வது அவரிடம் இருந்தது, நாக்கு சொல்வதில் பாதிதான் என்னிடம் இருந்தது. மிச்சத்தைச் சொல்ல ஆளில்லை. சமையற்காரர் சாயபு, மதுவைத் தொட மாட்டார். பரிமாறுகிறவர்களைக் கேட்டால் ஜோர் என்பார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "சாமி, ஒரு சொட்டுங்க. நாக்கு நுனியில வெச்சுத் துப்பிடுங்க. நானும் சொல்ல மாட்டேன், மாதேஸ்வரன் மேல ஆணை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அப்புறம் உம்மைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காதே என்றார். ஆசாரத்துக்காகத் தொடவில்லையா, கேட்கிற சுகத்துக்காகத் தொடவில்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் அந்தக் கிழவர், துரை, இன்னும் நாலைந்து பேர். எது ஒத்துப்போகும் என்று தெரியாததால் சாமி சாயபுவிடம் சொல்லி மீன், கோழி, இறைச்சி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வைத்திருந்தார். நான் உக்கிராணத்து வாசலில், மேசை தெரிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். முதலில் வந்த மீன் தட்டு துரையின் விருப்பம். கிழவர் மீனைத் தின்று ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தார். துரை சாமியைப் பார்த்தார். எனக்கு லாயத்துக் குதிரைகள் கனைப்பது காதில் கேட்டது.

சாமி நேராகக் கிழவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மன்னிக்க வேண்டும், நான் இதைக் குடித்ததில்லை, என் நாக்குக்கு இன்று ஜலதோஷம், அதனால் உங்களையே கேட்கிறேன், எங்கே பிடிக்கிறது என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். துரை சிவந்துபோனார். விருந்தாளியைக் கேள்வி கேட்கிற வழக்கம் எந்த மாளிகையிலும் கிடையாது.

கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மீனோடு குடித்தால் இரும்பை நக்கிய மாதிரி இருக்கிறது என்றார். சாமி மீன் தட்டை எடுக்கச் சொல்லிவிட்டுக் கோழியை வைக்கச் சொன்னார். இப்போது? கோழி இருக்கிற இடமே தெரியவில்லை, ஒயின் மட்டும்தான் தெரிகிறது. செம்மறி இறைச்சி வந்தது, துரைமார் வழக்கப்படி புதினாவும், வினிகர் என்கிற காடியும் சேர்ந்த சாறு ஊற்றி. சண்டை போடுகிறது என்றார் கிழவர். எது எதோடு, புதினாவா காடியா என்றார் சாமி. கிழவர் மறுபடி குடித்துப் பார்த்து, காடிதான் என்றார். அவருக்குக் கண் பளபளவென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவருடைய ஊர் ஒயின் எப்படி இருக்கும் என்று ஒரு ஆத்மா அவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாமியைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார். கன்னத்தை இழுப்பது பற்றி, இழுத்த பிறகு மெதுவாக விடுவது பற்றி. ஊரில் எதோடு குடிப்பீர்கள் என்று சாமி கேட்டார். வெள்ளாட்டுக் குட்டி என்றார் கிழவர். பூண்டு தடவி, அதன் கொழுப்பிலேயே வேகவைத்தது.

வெள்ளாட்டுக் கறி துரைமார் மேசைக்கு வருவதே இல்லை. சாமி விறுவிறுவென்று என்னிடம் வந்தார்.

"கவுண்டரே, இன்னிக்கு உம்ம ஆத்துலேந்து என்ன வந்திருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை. வேறென்ன வரும். என் தூக்குச் சட்டியைக் காட்டினேன். சாமி அதைத் தொடவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. கொழுப்பு உருகி மேலே நிற்கிறதா, புளி சேர்க்கவில்லையே, மிளகு கடைசியில்தானே என்று மட்டும் கேட்டார். பாக்கின் துவர்ப்பை எங்கள் வீட்டில் நெய் சாதம்தான் இறக்கும், அதே கணக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என் சாப்பாடு வெள்ளித் தட்டில் ஏறி மேசைக்குப் போயிற்று. நான் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிழவர் ஒரு துண்டு தின்றார். குடித்தார். இன்னொரு துண்டு, இன்னொரு வாய். யாரையும் பார்க்கவில்லை. கோப்பை காலியானதும் நீட்டினார், ஊற்றினார்கள். மேசையில் இருந்த மற்றவர்களும் தட்டை இழுத்துக்கொண்டார்கள். சாமி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். துரையிடமும் போய் நின்றார். துரை வேண்டாவெறுப்பாக, தொண்டையில் பிடிக்கிறது என்றார்.

அப்போதுதான் கிழவர் எழுந்து நின்றார். நிறைந்த கோப்பையைச் சாமியிடம் நீட்டி, என் ஊருக்காக ஒரே ஒரு வாய் என்றார். அரண்மனை விருந்தாளி நீட்டுகிறதை மறுப்பது சாதாரண விஷயமில்லை. கெட்டது என்று நினைத்தேன். சாமி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு அதைக் கிழவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எங்கள் பெரியவர்கள் கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர்கள், பெருமாளுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக்கூடாது, அங்கே முகர்ந்து பார்க்கக்கூட உரிமையில்லை, இங்கே மூக்குக்காவது வேலை கிடைத்தது என்றார். தலைமுறை தலைமுறையாகச் சமைத்தவர்களுக்குத் தெரியாத ருசியைச் சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும், தயவுசெய்து எனக்காக நீங்களே குடித்துச் சொல்லுங்கள் என்றார்.

கிழவர் குடித்தார். வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஆங்கிலம் போதாமல் போர்ச்சுகீசியத்திலேயே ஏதோ சொல்லிக்கொண்டு போனார். சாமிக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இத்தனைக்குப் பிறகும் துரை லாயத்து முடிவைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை நான் போனபோது சாமி ஒயின் அறையில் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாயத்துக்குப் போகத் தயாராகச் சாவியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். காலை உணவு நேரம்கூட ஆகவில்லை, துரை உள்ளே வந்தார். தலைகூடச் சரியாக வாரவில்லை. சாவியை அவர் பார்க்கவே இல்லை. நேற்று நான் சொன்னது தப்பு, தொண்டையில் இல்லை என்றார். முதலில் கன்னத்தில்தான் இழுக்கிறது, தொண்டைக்கு அப்புறம்தான் வருகிறது. எல்லாம் போன பிறகு இன்னும் ஏதோ ஒன்று நிற்கிறது, ராத்திரி முழுக்க யோசித்தேன், என்னவென்று தெரியவில்லை என்றார்.

"மரமா, மண்ணா?" என்றார் சாமி.

மரம் மாதிரிதான் என்றார் துரை. சாமி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நேற்று மிஞ்சிய புட்டியைத் திறந்தார். நான் வழக்கம்போல முக்காலியில் உட்காரப் போனேன். சாமி என் தோளில் கை வைத்துத் தடுத்து, அதைத் துரைக்கு இழுத்துப் போட்டார்.

"உமக்கு மூக்குத் திறக்கற வரைக்கும் துரை பாத்துப்பார் ஓய்."

துரை ஒழுங்காக உட்கார்ந்து கோப்பைக்குக் கையை நீட்டினார். எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். உக்கிராணத்துக்குப் போய்ச் சுக்கும் மிளகும் எடுத்து, அன்றே கஷாயம் வைத்துக் குடித்தேன்.